கூலர் இருந்த ஜன்னல்

தீபாவளியை ஒட்டிய வாரங்களில் தில்லித் தெருக்களில் ஒரு காரியம் நடக்கும். ஜன்னல்களிலும் பால்கனிகளிலும் கோடை முழுக்க உட்கார்ந்திருந்த தகரப் பெட்டிகளின் அடைப்பானைப் பிடுங்கி, அடியில் மிஞ்சிய தண்ணீரை வடிப்பார்கள். துருநிறத்தில் ஒழுகும் அந்தத் தண்ணீர் கீழே போகிறவர் தலையில் விழும். அவர் அண்ணாந்து ஒரு வசவு சொல்வார். மேலிருந்து ஒரு மன்னிப்பு வரும். குளிர் வரப்போகிறது என்பதற்கு வானிலை அறிக்கையைவிட இதுவே எனக்கு நிச்சயமான அறிகுறி.

இதைப்பற்றி இந்தப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேட்கக்கூடியவர்கள் அறுபது எழுபது பேர். அவர்களில் பாதிப் பேரையாவது எனக்கு நேரில் தெரியும். பதில் கடைசியில் வருகிறது. அதில் நான் ஒருவருக்குத் தீர்க்க வேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது. பாங்கில் உட்கார்ந்து பிறர் கணக்கை எழுதுகிறவன் என்பதால் பாக்கி என்ற சொல்லை நான் லேசாக உபயோகிப்பதில்லை.

நம் பக்கத்து மனிதர்களுக்குக் கூலர் என்ற வஸ்துவை விளக்க வேண்டியிருக்கும். தகரத்தால் ஆன ஒரு பெட்டி. மூன்று பக்கமும் மரச்சீவலோ வெட்டிவேரோ அடைத்த தட்டிகள், நான்காவது பக்கம் அறைக்குள் பார்க்கும் விசிறி. அடித்தொட்டியில் தண்ணீர். சின்ன பம்ப் ஒன்று அதை மேலே ஏற்றித் தட்டிகளின்மீது ஒழுக விடும். விசிறி வெளிக்காற்றை ஈரத்தட்டியின் வழியாக இழுக்கும்போது தண்ணீர் ஆவியாகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைக் காற்றிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான். வறண்ட காற்று இருக்கிறவரை இது அற்புதமாக வேலை செய்யும். மே, ஜூனில் லூ என்ற அனல்காற்று வீசும்போது இதன் முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டான். மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வெறும் விசிறிதான். கும்பகோணத்திலோ சென்னையிலோ இது ஏன் பெரிதாக எடுபடவில்லை என்பதற்கும் இதுவே காரணம். அக்பர் காலத்தில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்து அறையைக் குளிர்வித்ததை அபுல் ஃபஸல் அயினி அக்பரியில் பதிவு செய்திருக்கிறார். வெட்டிவேர் என்ற தமிழ்ச்சொல் அப்படியே பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் போய் உட்கார்ந்துவிட்டது. சொல்லை நாம் கொடுத்தோம். சுகத்தைத் தில்லிக்காரர்கள் அனுபவித்தார்கள்.

நான் இருப்பது கரோல்பாகில் ஒரு பர்ஸாத்தியில். மொட்டைமாடியில் ஒற்றை அறை, ஒட்டினாற்போல் சமையலுக்கு ஒரு இடுக்கு. கோடையில் வெயிலும் குளிர்காலத்தில் பனியும் நேரே தலையில் இறங்கும். இந்த ஊரின் உஷ்ணமானி போகும் தூரம் சாதாரணமானதல்ல. சஃப்தர்ஜங் நிலையத்தில் 2023 ஜனவரி 16 காலையில் 1.4 டிகிரி, 2024 மே 29 பிற்பகலில் 46.8 டிகிரி. ஒரே அறையை இந்த இரண்டு முனைகளுக்கும் தயார் செய்ய வேண்டும். வீட்டுக்காரர்கள் வருஷத்தில் இரண்டு முறை அதைச் செய்கிறார்கள். நான் ஐந்து வருஷம் எதுவும் செய்யவில்லை. குளிர் வந்ததும் கூலரின்மீது ஒரு பழைய போர்வையைப் போடுவேன். அது ஜன்னல் சட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும். பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. தட்டிகளின் வழியாக ராத்திரி முழுக்க ஊசிக்காற்று. காதைச் சுற்றி மஃப்ளரைக் கட்டிக்கொண்டு படிப்பேன். ஸ்தூல விஷயங்களில் அசிரத்தையாக இருப்பது அறிவுஜீவியின் லக்ஷணம் என்ற எண்ணம் எனக்கும் கொஞ்சம் இருந்தது. நம்மில் பலருக்கு இருக்கிறது.

2022ல் அம்மா இறந்தபின் அக்டோபரில் அப்பா என்னோடு இருக்க வந்தார். அப்பா முப்பத்தைந்து வருஷம் நெல் அரவை மில்லில் ஃபிட்டர். படிப்பு எட்டாவது. வந்த இரண்டாம் நாள் போர்வையை விலக்கிக் கூலரின் பக்கத்தட்டியைக் கழற்றிப் பார்த்தார்.

“ஏன்டா, இத எப்பத் தொடச்ச?”

“போன வருஷம்ப்பா.”

“எந்தப் போன வருஷம்?”

அதற்குமேல் என்னை அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னை மறுமுனை பிடிக்கச் சொல்லி அதை ஜன்னலிலிருந்து இறக்கி மாடியின் நடுவில் வைத்தார். தண்ணீரை வடித்தார். மரச்சீவல் தட்டிகளில் இந்த ஊர்த் தண்ணீரின் உப்பு வெள்ளையாகக் காரை பிடித்திருந்தது, பிய்த்துப் போட்டார். பம்பை எடுத்து, அடிவலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னச் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்து, அது தடையில்லாமல் சுற்றுகிறவரை கழுவினார். காயவைத்துச் செய்தித்தாளில் சுற்றினார். விசிறி மோட்டாரின் புஷ்ஷில் இரண்டு சொட்டு எண்ணெய். பிறகு தொட்டியின் உட்சுவரைக் கம்பி பிரஷால் தேய்க்க ஆரம்பித்தார். தண்ணீர் நின்ற மட்டத்தில் ஓடும் கோட்டை அரைமணி நேரம் தேய்த்திருப்பார். துருதான் அவர் குறி. இரண்டு நாள் வெயிலில் காயவைத்து ரெட் ஆக்ஸைடு பூசினார்.

அவர் தேய்த்த அந்தக் கோட்டில்தான் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதை மாநகராட்சியிலிருந்து வந்து பார்த்தவர் சொல்லிப் பிறகு தெரிந்துகொண்டேன். தண்ணீரை மட்டும் வடித்தால் போதாது. முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அடுத்த கோடையில் தண்ணீர் ஊற்றினால் பொரியும். 1996ல் தில்லியில் பத்தாயிரம் பேருக்குமேல் டெங்கு கண்டு நானூற்றுச் சொச்சம் பேர் இறந்தார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு காரணத்துக்காகச் சரியாகச் செய்த வேலை, தெரியாத இன்னொரு காரணத்துக்கும் சரியாக அமைந்துவிட்டது. பராமரிப்பில் இது அடிக்கடி நடக்கும் என்று நினைக்கிறேன். இதன் நேர் எதிரும் நடக்கும்.

நவம்பரில் பஞ்சடிக்கிறவர் வந்தார். ஆளுயர வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு, நரம்பைச் சுண்டிக்கொண்டே தெருவில் வருவார். அப்பா குழந்தைபோல் படியிறங்கி ஓடினார். என் ரஜாய் நாலு வருஷத்தில் அப்பளமாகியிருந்தது. உறையைப் பிரித்துப் பஞ்சைக் கொட்டி, வில்லின் நரம்பைப் பஞ்சுக்குள் விட்டு மரக்கட்டையால் அடித்தார் அவர். கட்டியாக இருந்தது மெல்ல மெல்லப் புகைபோல் எழும்பி மாடியில் பாதியை அடைத்துக்கொண்டது. அதே எடைப் பஞ்சுதான். உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். ரஜாயில் சூட்டைக் காப்பது பஞ்சு என்று நினைக்கிறோம். இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் காக்கிறது. அமுங்கி இறுகிவிட்ட ரஜாய் கனக்கும், குளிர் தாங்காது. அன்று இதைப் பார்த்தேன், ரசித்தேன். இதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

டிசம்பர் முடியும்போது அப்பாவுக்குக் குளிர் பொறுக்கவில்லை. காவிரிப்படுகையில் மார்கழிப் பனி என்று நாம் சொல்வது இங்கே வசந்தம். கீழ்வீட்டு சர்தார்ஜி தன் பழைய அங்கீட்டியைக் கொடுத்தார். இரும்பில் செய்த கணப்புச்சட்டி, கரி போடுவது. “ஹவா கா ராஸ்தா ரக்னா” என்று சொல்லித்தான் கொடுத்தார். காற்றுக்கு வழி வை. நான் ஹிந்தி பிரசார சபையின் பிரவீண் வரை எழுதியவன், வாக்கியம் புரிந்தது. ஆனால் எனக்குத் தெரிந்த காற்று, ஐந்து வருஷமாகக் கழுத்தில் குத்திய காற்றுதான். அந்த வருஷம் கூலர் ஜன்னலில் இல்லை. அப்பா ஜன்னல் கதவுகளின் கீலுக்கு எண்ணெய் விட்டு, வீங்கியிருந்த விளிம்பை இழைத்து, முதன்முறையாக அதைப் பூரணமாகச் சாத்தும்படி செய்திருந்தார். நான் என் பங்குக்குக் கதவின் அடியில் பழைய துணியைச் சுருட்டித் திணித்தேன். அறை கச்சிதமாக இருந்தது. எங்கள் இருவருக்குமே பெருமை.

கரியை மாடியில் வைத்து மூட்டி, புகை அடங்கித் தணல் சிவந்தபின்தான் உள்ளே கொண்டு வந்தோம். புகைதான் அபாயம் என்று நினைப்பவர்கள் எல்லாம் அப்படித்தான் செய்வார்கள். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. தினமும் தூங்கும் முன் அதை வெளியே வைத்துவிடுவோம். ஜனவரி நடுவில் ஒரு ராத்திரி, அந்த வருஷத்தின் மிகக் கடுமையான குளிரில், அப்பா “இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுமேடா” என்றார். இருக்கட்டும் என்றேன். அவர் தூங்கினார். நான் மேஜையில் ஒரு கவிதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பை வைத்துக்கொண்டு, முதல் பதிப்போடு வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலைவலித்தது. பாங்கில் மாதக்கடைசி வேலை பாக்கியிருந்த களைப்பு என்று நினைத்தேன். வயிற்றைப் புரட்டியது. எழுத்துக்கள் நகர்ந்தன. மேஜையிலேயே தலையைச் சாய்த்தேன்.

மணி இரண்டரைக்கு அப்பா சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். கதவுவரை போய் விழுந்தார். அந்தச் சத்தம் என்னை எழுப்பியிருக்க வேண்டும். எழுந்து நிற்கக் கால் இல்லை. பயம்கூட இல்லை, அதுதான் இப்போது நினைக்கப் பயமாக இருக்கிறது. இதில் என்ன அவசரம் என்று ஒரு நிதானம் இருந்தது. தவழ்ந்து போய்த் துணியைப் பிடுங்கித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். கீழே சர்தார்ஜிக்கு மேல்தளத்தில் ஆள் விழுந்த சத்தம் கேட்டிருக்கிறது. அவர் மாடிக்கு ஓடி வந்து ஜன்னலைத் திறந்து, அங்கீட்டியை உதைத்து வெளியே தள்ளி, எங்கள் இருவரையும் மாடிக்கு இழுத்துப் போட்டார். பிறகு ஜன்னலைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “கூலர் எங்கே?”

அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோதுதான் விளங்கியது. அந்த ஜன்னலில் குளிர்காலத்திலும் கூலர் நிற்கும், அதன் சந்துகளில் காற்று வரும் என்பது அவர் கணக்கு. அதை நம்பித்தான் அங்கீட்டியைக் கொடுத்தார். ஐந்து வருஷ அசிரத்தை எங்கள் அறைக்கு ஒரு மூக்கைக் கொடுத்திருந்தது. நாங்கள் சிரத்தையாக அதை அடைத்தோம்.

கரி எரியப் பிராணவாயு போதாதபோது கார்பன் மோனாக்ஸைடு அதிகமாக உண்டாகும். நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைவிட இதை இருநூறு மடங்குக்குமேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம். தூங்குகிறவனுக்கு இந்த அறிகுறிகளும் தெரிவதில்லை. நல்ல காற்றில் வைத்தால் ரத்தத்தில் இதன் அளவு பாதியாக நாலைந்து மணி நேரம் பிடிக்கும். முகமூடி வைத்து முழுப் பிராணவாயு கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி. வட இந்தியாவில் வருஷா வருஷம் குளிர்காலத்தில் குடும்பம் குடும்பமாக இப்படிச் சாகிறார்கள். குளியலறையில் காற்றுவழியில்லாமல் மாட்டிய காஸ் கெய்ஸரும் இதையே செய்யும். செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி. நானே எத்தனையோ முறை படித்திருக்கிறேன்.

அப்பா பிழைத்தார். முகமூடியை எடுத்தபின் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “மில்லுல ஆயில் இஞ்சின் ஓடுற ஷெட்டு. மழை பெஞ்சாலும் கதவச் சாத்த மாட்டோம். சாத்துனா உள்ள இருக்கிறவன் செத்துருவான்னு மொத நாளே சொல்லிக் குடுத்தாங்க. இஞ்சினுக்குத் தெரிஞ்சது எனக்குக் கரிக்குத் தோணலியே.” கொஞ்சம் கழித்து, “சந்து இருந்தா அடைக்கணும்னுதான் கை போவுது. அது எதுக்கு இருக்குன்னு பாக்கணும்ல” என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார்.

இப்போது பாக்கி விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றிரவு மேஜையில் இருந்த தொகுப்பை எழுதியவர் ஒரு சின்ன ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய முதல் பதிப்பைப் பற்றி இதே பத்திரிகையில் நான் எழுதியதை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள்; பாராட்டிக் கடிதம் போட்டவர்களும் உண்டு. நல்ல கவிதைகள், ஆனால் தளர்ந்த வரிகள் ஊடே ஊடே நின்று கட்டுக்கோப்பைக் குலைக்கின்றன என்றேன். பொதுவாகச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் பக்க எண்ணோடு பதினோரு வரிகளைப் பட்டியலிட்டேன். ஆங்கில இலக்கியம் படித்தவனுக்குப் பென்சில் கையில் இருந்தால் ஒரு தைரியம் வந்துவிடும். அவர் இரண்டாம் பதிப்பில் பதினோரு வரிகளையும் எடுத்துவிட்டார். ‘தாங்கள் சுட்டியபடி செய்திருக்கிறேன், இப்போது கெட்டியாக இருக்கிறது, நன்றி’ என்ற பொருளில் கார்டும் எழுதியிருந்தார். அன்று ராத்திரி நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது என் வெற்றியைத்தான்.

பிப்ரவரியில் அப்பாவை ஊருக்கு ரயிலேற்றிவிட்டு வந்து அதை மறுபடி படித்தேன். மனைவியின் நோயைப் பற்றி ஒரு கவிதை. டாக்டர் சொன்னதற்கும் அவள் இறந்ததற்கும் நடுவே முதல் பதிப்பில் ஒரு வரி இருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரு டம்ளர் சர்க்கரை கேட்டு வந்து நிற்கும். ‘கவிதையின் அனுபவத்தோடு சம்பந்தமற்றது’ என்று அதைப்பற்றி எழுதியிருந்தேன். சம்பந்தமற்றதுதான். இப்போது அது இல்லை. டாக்டர் சொல்கிறார், அவள் இறக்கிறாள். வாசகனுக்கு அங்கே மூச்சு விட இடமில்லை. அவள் சாவுகூட அவனை எட்டவில்லை, ஒரு தகவலாகப் போய்விட்டது. அந்தக் குழந்தை நின்ற இடத்தில்தான் அவள் அதுவரை உயிரோடு இருந்திருக்கிறாள்.

தளர்ச்சியெல்லாம் நல்லது என்று இப்போது சொல்ல வரவில்லை. அந்தப் பதினொன்றில் ஏழு வரிகள் போனது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். கூலரின் துருவைத் தேய்த்தது தப்பென்றும் சொல்ல மாட்டேன். தப்பு வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு சந்தையும் பார்த்து, இதன் வழியாக என்ன வந்துகொண்டிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஊசிக்காற்று கழுத்தில் குத்தியது, அடைத்தேன். விமர்சனத்தில் நாம் இறுக்கம், செறிவு, சிக்கனம் என்ற சொற்களைக் கூசாமல் பாராட்டாகப் பிரயோகித்து வந்திருக்கிறோம். நம் பரம்பரையே அதுதான்: மேடைக்கவிதையின் ஊளைச்சதையைப் பார்த்து அருவருத்து வந்தவர்கள். அந்த அருவருப்பு நியாயமானது. அதுவே பழக்கமாகிவிட்டபின் கை தானாகப் போகிறது. நம் பேச்சை யாராவது நம்பி அப்படியே செய்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்ததில்லை. யாரும் செய்வதில்லை என்பதால் நமக்கு அந்தப் பொறுப்பு இல்லாமல் இருந்தது. அவர் செய்துவிட்டார்.

அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். என் கட்டுரையின் அந்தப் பகுதி தவறு, மூன்றாம் பதிப்பு வந்தால் சர்க்கரை கேட்ட குழந்தையைத் திரும்ப நிறுத்துங்கள், மற்ற மூன்று வரிகளையும் பற்றிப் பேசலாம் என்று. பதில் வரவில்லை. மூன்றாம் பதிப்பு வரும் வயதில் அவரும், வரும் நிலையில் தமிழ்ப் பதிப்புலகமும் இல்லை என்பது தெரியும். ஆகவே இங்கேயும் எழுதுகிறேன். முதலில் தவறாகச் சொன்ன இடம் இதுதான்.

இந்த வருஷம் கூலரை நானே இறக்கினேன். சர்தார்ஜி மறுமுனை பிடித்தார். தண்ணீர் மட்டத்துக் கோட்டை அரைமணி நேரம் தேய்த்தேன். பம்பின் சக்கரம் விரலுக்குத் தடையில்லாமல் சுற்றியது. அங்கீட்டி இப்போது இல்லை. ஆயில் ஹீட்டர் வாங்கியிருக்கிறேன். 2,000 வாட், ஒன்பது ஆம்பியர்வரை இழுக்கும். பழைய சின்னப் பிளக்கில் செருகினால் வயர் உருகும் என்று எலக்ட்ரீஷியன் தனி லைன் இழுத்துக் கொடுத்தார். அது எதையும் எரிப்பதில்லை. நவம்பர் புகையில் வெளிக்காற்று உள்ளே வருவதும் நல்லதல்ல. யோசித்து ஜன்னலைச் சாத்தினேன்.

நேற்று அப்பா போன் செய்தார். நவம்பர் வந்தால் செய்வார்.

“தொட்டி காஞ்சிருச்சா?”

“காஞ்சிருச்சுப்பா.”

“ஜன்னலு?”

“சாத்திட்டேன். கரி இல்லப்பா, கரண்ட்டு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “கதவுக்கு அடியில சந்து இருக்குல்ல?”

“இருக்கு.”

“அது இருக்கட்டும்” என்றார்.